படத்தைக் குறை சொல்லும் முன் ரிமோட்டைக் கையில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பார்த்த படங்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் நாலு வரிக் கருத்துகளைத் தங்கள் வார இறுதிப் பக்கத்தில் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத சின்னப் படங்களுக்கு அந்தப் பக்கம் ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப நான்கு குறைகள் வருகின்றன: "வசனமே கேட்கவில்லை, பின்னணி இசை காதைப் பிளக்கிறது", "படம் முழுக்க ஒரே இருட்டு", "டிவி சீரியல் மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள்", "வாயசைப்பும் குரலும் ஒட்டவில்லை". இவற்றில் முக்கால்வாசி, சுவரில் மாட்டிய நாள் முதல் யாரும் தொட்டுப் பார்க்காத டிவி அமைப்புகளால் வருபவை. ஏச்சு வாங்குவது ஒளிப்பதிவாளரும் ஒலிக்கலவை செய்தவரும். நடிப்பு பிடிக்கவில்லை, கதை சப்பென்று இருக்கிறது என்று எழுதுவது அவரவர் ரசனை. அதில் யாரும் தலையிட முடியாது. கேட்கவில்லை, தெரியவில்லை என்று எழுதும் முன் பத்து நிமிடம் செலவிட்டுச் சரிபார்ப்பது நியாயம்.

முதலில் வசனம். குறைகளில் இதுதான் அதிகம், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். தியேட்டருக்காகக் கலக்கும் 5.1 ஒலியில் (ஐந்து திசை ஒலிகள், கூடவே அதிர்வொலிக்கு ஒரு சப்வூஃபர்) பேச்சு பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒரே ஸ்பீக்கரில் வரும். இசையும் சத்தங்களும் இடம், வலம், சுற்றுப்புறம் என்று பிரிந்து போகும். கலவை அரங்கில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபல் அளவுக்குச் சரிசெய்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். வெடிச் சத்தம் அதற்கு மேலே இன்னும் 20 டெசிபல் வரை ஏறலாம். வீட்டில் அந்த அளவுக்கு யாரும் சத்தம் வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. சண்டைக் காட்சிக்குத் தக்கபடி சத்தத்தைக் குறைத்தால், அடுத்த காட்சியில் கணவன் மனைவி காதோடு காதாகப் பேசுவது மின்விசிறி ஓசைக்குக் கீழே போய்விடுகிறது. ஐந்தில் ஓடும் விசிறியை இரண்டுக்குக் குறைத்தாலே பாதி வசனம் திரும்பி வரும். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

விசிறியைக் குறைத்தும் கேட்கவில்லை என்றால் படம் ஓடும்போதே ஓடிடி செயலியின் 'ஆடியோ' பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழ் என்று ஒன்றும், தமிழ் 5.1 என்று இன்னொன்றும் சில படங்களுக்கு இருக்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்கிறீர்கள் என்றால் 5.1 வேண்டாம், ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். 5.1-ஐ இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது நடு ஸ்பீக்கரின் பேச்சை வழக்கமாக 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் சேர்ப்பார்கள். சுற்றுப்புற ஒலியும் அதோடு வந்து கலக்கும். பேச்சுக்கென்று தனியாக இருந்த இடம் போய்விடும். ஸ்டீரியோவுக்கென்றே கலந்த தடம் இருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. பிறகு டிவியின் ஒலி அமைப்பில் 'வர்ச்சுவல் சரவுண்ட்' எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஒலி விரிந்து கேட்க வேண்டும் என்பதற்காக அது ஒலி அலைகளின் நேர ஒழுங்கைத் திருகுகிறது; அதில் முதலில் மங்குவது நடுவில் நிற்கும் குரல். 'கிளியர் வாய்ஸ்', 'வாய்ஸ் ஜூம்' என்ற பெயர்களில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். இரவில் அக்கம்பக்கத்தை எழுப்பாமல் பார்க்க வேண்டும் என்றால் 'நைட் மோட்'. அது உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும். பிரைம் வீடியோவில் சில படங்களுக்கு 'டயலாக் பூஸ்ட்' என்று தனித் தடமே உண்டு. அதில் போனால் இசையின் அழுத்தம் குறையும், எனவே இசையைப் பற்றிக் கருத்து எழுதுபவர்கள் அந்தத் தடத்தில் கேட்டுவிட்டு எழுதக் கூடாது.

சவுண்ட்பார் வாங்கிய வீடுகளில் வேறு விதமான தப்பு நடக்கிறது. 2.1 என்றால் இடம், வலம், ஒரு சப்வூஃபர். பேச்சுக்குத் தனி ஸ்பீக்கர் கிடையாது. வசனம் முக்கியம் என்பவர்கள் வாங்க வேண்டியது குறைந்தது 3.1. வயரை டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் செருக வேண்டும். மற்ற எச்டிஎம்ஐ துளைகளில் செருகினால் டிவியின் சத்தம் சவுண்ட்பாருக்கு வராது. பிறகு டிவியில் 'டிஜிட்டல் சவுண்ட் அவுட்' என்பதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றுங்கள். அது 'பிசிஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் இடம், வலம் என்ற இரண்டு தடம்தான் வெளியே போகும், 3.1-க்குக் கொடுத்த காசு வீண். சப்வூஃபரைச் சுவர் மூலையில் திணித்தால் கீழ்க்குரல் வீங்கி ஆண்களின் பேச்சை மூடும். ஒரு முழம் வெளியே இழுத்து, அதன் அளவை இரண்டு மூன்று படி குறையுங்கள்.

ஆறு பெட்டி உள்ள ஹோம் தியேட்டரில் இன்னொரு அடையாளத்தைச் சொல்கிறேன். பாட்டும் சண்டையும் நன்றாகக் கேட்டு, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், நடு ஸ்பீக்கரின் ஒலி எங்கோ தொலைகிறது என்று அர்த்தம். வயர் கழன்றிருக்கும், அல்லது நடு ஸ்பீக்கர் அலமாரிக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது கருவி 5.1 என்று அறிவித்துவிட்டு இரண்டு தடத்தை மட்டும் ஒலிக்க வைக்கிறது. வயரைச் சரிபார்த்து, ஸ்பீக்கரைக் காது உயரத்துக்குச் சாய்த்து வைத்து, அதன் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் போதும். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒற்றை ஸ்டீரியோ வயரில் இணைத்திருந்தால் அது 5.1-ஏ கிடையாது, பின்பக்கம் கேட்பது கருவி தானாகப் பிரித்துக் கொடுப்பது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு படத்தில் மட்டும் வசனம் புரியவில்லை என்றால், அதே காட்சியை ஃபோனில் வயர் ஹெட்போன் போட்டு ஸ்டீரியோவில் கேளுங்கள். அங்கேயும் புரியவில்லையா, குறை கலவையில்தான் அல்லது பேசியவரின் உச்சரிப்பில்தான். அப்போது தாராளமாக எழுதலாம், காட்டமாகவே எழுதலாம்.

வாயசைப்பு ஒட்டாத விஷயமும் இதோடு சேர்ந்தது. ஒலி படத்தைவிட ஏறக்குறைய 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவருக்கு உறுத்த ஆரம்பிக்கும் என்பது ஒளிபரப்புத் துறை வைத்திருக்கும் கணக்கு. புளூடூத் ஹெட்போனும் புளூடூத் ஸ்பீக்கரும் சர்வ சாதாரணமாக 150, 200 மில்லி விநாடி தாமதிக்கும். ஃபோனில் பார்த்தால் செயலி பெரும்பாலும் அதைக் கணக்கிட்டுப் படத்தையும் தாமதப்படுத்திவிடும். எல்லா டிவியும் அப்படிச் செய்வதில்லை. ஒலி பிந்துகிறது என்றால் வயருக்கு மாறுவதுதான் எளிய வழி. ஒலி முந்துகிறது என்றால், படத்தை மெருகேற்றுவதில் டிவி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். சவுண்ட்பாரிலோ டிவியிலோ 'ஏவி சிங்க்' அல்லது 'ஆடியோ டிலே' என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உதடு மூடித் திறக்கும் 'ப', 'ம' எழுத்துகளைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

இதில் இன்னொன்று: மலையாளப் படங்களை நம் வீடுகளில் இப்போது விரும்பிப் பார்க்கிறார்கள். உங்கள் கணக்கில் மொழி தமிழ் என்று இருந்தால் செயலி பெரும்பாலும் தமிழ் டப்பிங்கைத்தான் முதலில் ஓட்டும். அதைப் பார்த்துவிட்டு "நடிப்பு செயற்கையாக இருக்கிறது" என்று எழுதுபவர், நடிகரின் குரலைக் கேட்கவே இல்லை. ஆடியோவை மலையாளத்துக்கு மாற்றி, கீழே எழுத்து ஓட விட்டு இருபது நிமிடம் பாருங்கள். டப்பிங்கில்தான் பார்ப்பேன் என்றால் அதுவும் தவறில்லை, கருத்தில் அதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, "சீரியல் மாதிரி இருக்கிறது". திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). டிவி திரை விநாடிக்கு 50, 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது. இடைவெளியை நிரப்ப டிவி தானாகவே இல்லாத சட்டகங்களைக் கற்பனை செய்து இடையில் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு அது நன்றாக இருக்கும். படத்தில், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். நம் சீரியல்கள் நெடுங்காலம் விநாடிக்கு 50 அசைவுப் பதிவுகள் உள்ள வீடியோவில் எடுக்கப்பட்டவை. அந்த வழவழப்பைச் சீரியலோடு சேர்த்துப் பார்க்கக் கண் பழகிவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த காட்சியும் அதனால்தான் மலிவாகத் தெரிகிறது. சந்தேகம் இருந்தால், ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒருவர் நடந்து போகும் காட்சியைக் கவனியுங்கள். முகத்தின் ஓரத்தில் வெந்நீர் ஆவிக்குள் பார்ப்பதுபோல ஒரு கலங்கல் கூடவே நகரும். கம்பி மறைத்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று டிவிக்குத் தெரியாது, அதனால் ஊகித்துப் பூசிவிடுகிறது. இந்த வசதிக்கு எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி' என்று பெயர். அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு கேமரா பக்கவாட்டில் மெல்லத் திரும்பும்போது படம் தடதடப்பதாகத் தோன்றினால், 'ஜடர் ரிடக்‌ஷன்' என்பதை மட்டும் பத்துக்கு இரண்டு, மூன்று என்று வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி போன்ற கருவி வைத்திருப்பவர்கள் அதன் திரை அமைப்பில் சட்டக வேகத்தைப் படத்தோடு பொருத்தும் வசதியை இயக்கினால் அந்தத் தடதடப்பும் பெருமளவு அடங்கும்.

இருட்டுக்கு வருவோம். நம் ஒளிப்பதிவாளர்களில் இருட்டை வேண்டுமென்றே வைப்பவர்கள் உண்டு. 'நாயகன்' (1987) படத்துக்காக பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது வாங்கினார்; அந்தப் படத்தில் முகத்தின் பாதி நிழலில் கிடப்பது திட்டமிட்டுச் செய்தது. அந்த நிழலுக்குள் கண் எங்கே பார்க்கிறது என்பதாவது தெரிய வேண்டும். அதுவும் தெரியாமல் வெறும் கரியாக இருந்தால் டிவியைச் சந்தேகப்படுங்கள். முதல் காரணம் மின்சிக்கன அமைப்பு. 'எனர்ஜி சேவிங்', 'எக்கோ', 'ஆம்பியன்ட் லைட்' என்று ஏதாவது ஒரு பெயரில், பெட்டியைத் திறக்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். விளக்கை அணைத்துப் பார்க்க உட்கார்ந்தால், அறை இருட்டாகிவிட்டது என்று டிவியும் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை அணைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் பட வகை. இவ்வகைப் படங்களை 1000 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அல்லது அதற்கும் மேற்பட்ட வெளிச்சம் தரும் திரையில் பார்த்து இறுதி செய்வது வழக்கம். நம் வீடுகளில் உள்ள விலை குறைந்த 4கே டிவிக்கள் பலவும் 300 நிட்டுக்கு அருகில்தான். உச்ச வெளிச்சத்தை எட்ட முடியாதபோது சில டிவிக்கள் மொத்தப் படத்தையும் கீழே இறக்கிவிடுகின்றன. எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷனில் 'டார்க்', 'பிரைட்' என்று இரண்டு நிலை இருந்தால் ஹால் வெளிச்சத்தில் 'பிரைட்', விளக்கணைத்த அறையில் 'டார்க்'. எல்ஜியில் இதற்கு 'சினிமா ஹோம்', 'சினிமா' என்று பெயர். இன்னொரு வகையான எச்டிஆர்10 படத்துக்கு 'டைனமிக் டோன் மேப்பிங்' என்பதை இயக்கிப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. டிவி சாதாரணப் படத்துக்கு ஒரு நினைவு, எச்டிஆருக்கு ஒரு நினைவு, டால்பி விஷனுக்கு ஒரு நினைவு, பல டிவிக்களில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் ஒரு நினைவு என்று தனித்தனியாக வைத்திருக்கும். செய்திச் சேனல் ஓடும்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, ஓடிடியில் படம் போட்டால் பழைய அமைப்பே நிற்கும். சரிசெய்வதைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தச் செயலிக்குள் இருந்தபடியேதான் செய்ய வேண்டும்.

வண்ணத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 'விவிட்' வேண்டாம், அது கடையில் பக்கத்து டிவியோடு போட்டி போடுவதற்கான நிலை, வெள்ளை வேட்டி நீலம் பாய்ந்து தெரியும். 2019-ல் அறிமுகமான 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அது, இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி'. வண்ண வெப்பம் 'வார்ம்', ஷார்ப்னஸைக் கூர்மை கூட்டாத அளவுக்கு இறக்குங்கள், 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' அணைப்பு. ஃபிலிம்மேக்கர் மோட் போட்டால் இவற்றோடு அசைவுச் செருகலும் சேர்ந்து அணையும், எனவே நேரம் இல்லாதவர்கள் அந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தெரியும், பிறகு பழைய நிலைக்குப் போனால் அதுதான் கண்ணைக் குத்தும்.

இருட்டுக் காட்சிகளில் வானமும் சுவரும் திட்டுத் திட்டாக, கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது இணைய வேகம். நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 1080 தரத்துக்கு (முழு எச்டி) 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ். வீட்டில் மொத்த வேகம் 100 இருந்தும் டிவி உள்ள மூலைக்கு வைஃபை வராமல் போகலாம். முடிந்தால் வயர் இழுத்துவிடுங்கள், இல்லையேல் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். ஃபோனில் பார்ப்பவர்கள் 'வைட்வைன்' என்னும் நகல் தடுப்புப் பாதுகாப்பின் நிலை எல்1-ஆ எல்3-ஆ என்று செயலியின் அமைப்புப் பக்கத்தில் பார்க்கலாம். எல்3 என்றால் பெரிய செயலிகள் பெரும்பாலும் 480-க்கு மேல் தராது, எவ்வளவு விலையுள்ள சந்தா கட்டினாலும்.

பழைய படங்களைப் பற்றிய கருத்துகளுக்கு வேறு ஒரு எச்சரிக்கை தேவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டியது, அகலம் உயரத்தைப் போல் 1.37 மடங்கு. இன்றைய டிவி 1.78 மடங்கு. படத்தை அப்படியே காட்டினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும், நிற்கத்தான் வேண்டும். பட்டை பிடிக்காதவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: பக்கவாட்டில் இழுப்பது அல்லது மேலும் கீழும் வெட்டுவது. இழுத்தால் எல்லோரும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். வெட்டினால் உயரத்தில் ஏறக்குறைய 23 சதவீதம் போய்விடும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தை அப்படி வெட்டிய பிரதியில் பார்த்தால் முழு உருவமாக எடுத்த இடங்களில் பத்மினியின் பாதங்கள் திரைக்கு வெளியே போய்விடும். நாட்டியப் படத்தில் பாதம் தெரியாமல் என்ன கருத்துச் சொல்ல முடியும்? இழுத்திருக்கிறதா என்று பார்க்க, வண்டிச் சக்கரமோ முழு நிலவோ வரும் காட்சி போதும். நீள்வட்டமாகத் தெரிந்தால் டிவியின் 'பிக்சர் சைஸ்' அமைப்பை மாற்றுங்கள். பதிவேற்றியவரே வெட்டியிருந்தால் டிவியால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு பிரதி தேட வேண்டியதுதான்.

சேனலில் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நம் ஒளிபரப்பு விநாடிக்கு 25 சட்டகம். 24-ல் எடுத்த படத்தை அப்படியே 25-ல் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டு அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். பாடகர் குரல் கீச்சென்று இருக்கிறது என்று எழுதும் முன், அதே பாட்டை இசைத்தட்டுப் பதிவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 1.25 வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் படமே 120 நிமிடம்தான். மௌனங்களை எல்லாம் நறுக்கிவிட்டு, படத்தொகுப்பில் நிதானம் இல்லை என்று சொல்வது படத்தொகுப்பாளருக்குச் செய்யும் அநியாயம்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வாசகர் கருத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி சேருங்கள்: எந்தத் திரையில் பார்த்தார் (ஃபோன், கணினி, டிவி), எந்த மொழித் தடம், ஒலி எதன் வழியாக, ஒரே அமர்வில் பார்த்தாரா. எழுதுபவருக்கு அரை நிமிட வேலை. படிப்பவருக்கு அந்தக் குறை தன் வீட்டிலும் வருமா என்று புரிந்துவிடும். ஒலி, ஒளி பற்றிய குறை மட்டும் எழுதி வரும் கருத்துகளை, அந்த வரி இல்லாமல் வெளியிட வேண்டாம். தங்கள் பக்கத்தின் சொந்த விமர்சகர்களும் ஓடிடி படங்களுக்கு இதே விவரத்தைத் தர வேண்டும். பத்திரிகையாளர்களுக்கு முன்கூட்டி அனுப்பப்படும் பிரதியின் தரமும் வாசகருக்குக் கிடைக்கும் பிரதியின் தரமும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தீபாவளிக்குப் புது டிவி வாங்குபவர்கள் ஏராளம். அதற்கு முந்தைய வாரம் மேலே சொன்ன அமைப்புகளை ஒரு பெட்டிச் செய்தியாக, ரிமோட்டில் எந்தப் பட்டனில் தொடங்குவது என்ற படத்தோடு வெளியிட்டால், டிவியை மாட்ட வரும் ஊழியரிடம் அந்தத் தாளைக் கொடுத்து அப்போதே செய்து தரச் சொல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி